குப்பையில் 432 ஆண்டுகள்

1994-இல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில், டேவிட் ஹான் என்ற 17 வயதுப் பையன் அம்மா வீட்டுக் கொட்டகையில் அணு உலை கட்டப் பார்த்தான். சாரணர் இயக்கத்தில் அணுசக்தி பேட்ஜ் வாங்கியவன். ஸ்மோக் டிடெக்டர்களை உடைத்து அமெரிசியம் எடுத்தான். கேஸ் விளக்கு மேன்டில்களை எரித்துத் தோரியம் சேர்த்தான். நம்மூர் பெட்ரோமாக்ஸில் வெள்ளையாகத் தொங்குமே, அந்த மாதிரி மேன்டில்தான்.

உலை ஓடவில்லை. ஆனால் கதிர்வீச்சு கொட்டகையைத் தாண்டிவிட்டது.

இதை முதலில் படித்தபோது நான் பையன் கட்சிதான். மேரி கியூரி என்ன ஃபார்ம் நிரப்பிவிட்டா ரேடியம் கண்டுபிடித்தார்? ஆபத்து வந்தால் அவனுக்குத்தானே?

"அவனுக்குத்தானே" என்பதில்தான் சிக்கல். கியூரியின் குறிப்பேடுகளை இன்றும் ஈயப் பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருக்கிறது. ஹானின் கொட்டகையை 1995 ஜூனில் அரசு பிரித்து, 39 பீப்பாய்களில் அடைத்து யூட்டாவுக்கு அனுப்பியது. அதற்கு முன்பே, வீடு பறிபோய்விடுமோ என்று பயந்த குடும்பத்தார் பெரும்பகுதியை வீட்டுக் குப்பையோடு போட்டுவிட்டார்கள். அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டுகள். அந்தக் குப்பையை அள்ளியவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மென்பொருளில் தப்பு செய்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம். இங்கே அது முடியாது.

அப்படியென்றால் பள்ளியில் கதிரியக்கத்தையே தடை செய்துவிடலாமா? ஹானிடம் தடை வேறு விதமாக வேலை செய்தது. சந்தேகம் கேட்க ஆள் இல்லாமல், தன்னை இயற்பியல் ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டு அரசு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினான். பதிலும் வந்தது. உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஐசெஃப் என்ற உலக அளவிலான பள்ளி அறிவியல் போட்டியின் விதி இந்த இடத்தில் எனக்குப் பிடிக்கிறது. ஆபத்தான பொருளைத் தொடும் மாணவர், சோதனைக்கு முன்பே ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். கூடவே பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மிச்சத்தை எப்படி அப்புறப்படுத்துவாய் என்றும் படிவம் கேட்கிறது.

அந்தக் கடைசிக் கேள்வி தைரியத்தையோ அறிவையோ சோதிப்பதில்லை. நீ விளையாடி முடித்த பிறகு இதை யார் கையில் எடுப்பார் என்று கேட்கிறது. ஹானிடம் அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும், திட்டுவதற்கு இல்லை, சேர்ந்து பதில் தேடுவதற்கு.