அச்சமும் ஆகாயப் பயணமும்

அச்சம் என்பது உயிர்களுக்கெல்லாம் பொதுவான குணம். பாம்பைக் கண்டு விலகுவதும், தீயைக் கண்டு ஒதுங்குவதும், வெள்ளத்தைக் கண்டு கரையேறுவதும் கோழைத்தனம் ஆகா. ஆகவேதான் வள்ளுவர் பெருமானும் அச்சத்தை அடியோடு பழித்தாரில்லை. அஞ்சத் தக்கவற்றை அறிந்து நடத்தலை அறிவுடையோர் செயலென்றே கொண்டார். ஆயின், அஞ்சத் தக்கது எது, தகாதது எது என்று பிரித்தறிவது எங்ஙனம்? நெஞ்சு படபடத்தால் அதுவே போதிய சான்றாகுமா? இவ்வினாவை ஆகாய விமானத்தின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விமானத்தில் ஏற அஞ்சுவோர் நம்மிடையே பலர் உளர். வெளியே சொல்ல வெட்கி, ‘லீவு கிடைக்கவில்லை’ என்றும், ‘உடம்பு சரியில்லை’ என்றும், ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்றும் காலங் கடத்துவர். இது செல்வர் வீட்டுச் சீக்கு என்று தள்ளிவிடத் தக்கதன்று. நம் முன்னோர் இக்கரைக்கு வந்தது கப்பலில். 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வந்து சேர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ரஜூலா 1973இல் ஓய்ந்தபின் அவ்வழியில் ‘சிதம்பரம்’ ஓடிற்று. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அத்தோடு அந்தக் கடற்சேவையும் முடிவுற்றது. இன்று சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்ல 4 மணி நேரமே பிடிக்கும். ஆனால் வானம் ஒன்றே வழி. அவ்வழிக்கு அஞ்சுவோனுக்கு, ஊரிலுள்ள தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காணும் வாய்ப்பும் இல்லை. தமக்கை மகளின் திருமணத்தில் மாமன் என்ற முறையில் நிற்கும் வாய்ப்பும் இல்லை. ஆதலால், இந்த அச்சம் மனத்தளவில் நின்றுவிடும் நோயன்று. அது கடமையின் குறுக்கே நிற்பது. அதனாலேயே அது ஒழுக்கம் பற்றிய வினாவும் ஆகிறது.

அச்சத்தின் இயல்பை அறிய வேண்டுவோர், விடியுமுன் உட்லண்ட்ஸ் எல்லைக்குச் சென்று பார்க்கட்டும். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் அங்கே இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கிழக்கு வெளுக்குமுன்பே ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் அதன்மேல் நெருக்கியடித்துக்கொண்டு வரும். தூக்கம் தெளியாத கண்களோடும், மழைக்கோட்டோடும், லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையே நெளிந்து நெளிந்து நம் பிள்ளைகள் வேலைக்குப் போவர். இருட்டிய பின் அதே வழியில் திரும்புவர். ‘பயமாக இல்லையா, தம்பி?’ என்று கேட்டால் சிரிப்பர். அவ்வாறு சிரிப்பவர்களுள்ளேயே, விமானம் என்றவுடன் உள்ளங்கை வியர்ப்பவரும் உண்டு.

கணக்கு என்ன சொல்லுகிறது? மலேசியச் சாலைகளில் 2019ஆம் ஆண்டில் மட்டும் 6,167 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதே ஆண்டில் உலகம் முழுவதிலும் 400 கோடிக்கும் மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றிச் சென்ற பெரிய பயணி விமானங்களின் விபத்துக்களில் இறந்தோர் தொகை 300க்கும் குறைவு. தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதிப் பழகிய எமது கை, இவ்விரு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்த்துத் திகைத்து நின்றதுண்டு. பற்றும் வரவும் இவ்வளவு தெளிவாக இருக்க, மனம் மட்டும் ஏன் தலைகீழாகக் கணக்கெழுதுகிறது?

காரணம் இதுவே. அச்சம் ஆபத்தை அளப்பதில்லை. நம் கைக்கும் சுக்கானுக்கும் உள்ள தூரத்தையே அது அளக்கிறது. மோட்டார் சைக்கிளின் பிடி நம் கையில் இருக்கிறது. ஆகவே ஆபத்து மிகுதியாயினும் அச்சம் குறைவு. விமானத்தின் பிடியோ, கதவுக்கு அப்பால், நாம் முகமறியாத ஒருவர் கையில் இருக்கிறது. ஆகவே ஆபத்து குறைவாயினும் அச்சம் மிகுதி.

இந்தத் தலைகீழ்க் கணக்கு மனத்தோடு நின்றுவிட்டால் குற்றமில்லை. அது உயிரையும் வாங்கும். 2001 செப்டம்பர் 11இல் அமெரிக்காவில் விமானங்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட படுகொலைக்குப் பின், அந்நாட்டு மக்களுள் பலர் விமானத்தை விட்டு மோட்டார் காரில் நெடுந்தூரம் செல்லத் தலைப்பட்டனர். அதனால் அடுத்த ஓராண்டில் சாலையில் கூடுதலாக மடிந்தோர் ஏறத்தாழ 1,500 பேர் என்று ஜெர்மானிய உளநூலறிஞர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். நெருப்புக்குப் பயந்து கிணற்றில் விழுந்த கதைதான் இது.

‘சாலையில் விழுந்தவன் எழுந்தாலும் எழுவான், வானத்திலிருந்து விழுந்தவன் எழுவானா?’ என்று கேட்பர். நியாயமான கேள்வி. 2025 ஜூன் 12இல் அகமதாபாத்தில் எழும்பிய சில நொடிகளிலேயே வீழ்ந்த ஏர் இந்தியா விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். 2014 மார்ச் 8இல் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட எம்.எச்.370 எங்கே போயிற்றென்று இன்றளவும் தெரியவில்லை. இவற்றை மூடி மறைத்து ஒருவனுக்குத் தைரியம் ஊட்டுதல் பொய்யுரையாகும்; பொய்யின்மேல் கட்டிய தைரியம் முதற் குலுக்கலிலேயே இடிந்து விழும். ஆபத்து அறவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எதிலும் ஆபத்து உண்டு. அதனதன் அளவை அறிந்து அஞ்ச வேண்டும் என்பதே நம் வாதம்.

அச்சத்துக்கு நம்மவர் கையாளும் மருந்துகள் இரண்டு. ஒன்று வீம்பு, மற்றொன்று விதி. ‘ஆம்பிளைக்குப் பயமா?’ என்று மார்தட்டுவது வீம்பு. அது பயத்தைப் போக்குவதில்லை. பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்து இரட்டைச் சுமையாக்குகிறது. அதற்குத் துணையாகச் சிலர் புட்டியைத் தேடுவர். மதி மயங்கினவனுக்கு அச்சம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். ராகுகாலம் பார்த்து டிக்கெட் எடுப்பதும், கையில் கயிறு கட்டிக்கொள்வதும், ‘தலையில் எழுதினதுதானே நடக்கும்’ என்று கண்ணை மூடுவதும் விதி என்னும் மருந்து. இது மனத்துக்குச் சற்றுச் சாந்தி தருவது உண்மையே. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். விமானம் இன்று இவ்வளவு பாதுகாப்பாகப் பறக்கிறதே, அது விதியை நம்பியவர்களாலா, நம்ப மறுத்தவர்களாலா?

சிங்கப்பூரில் முதன்முதல் விமானம் பறந்தது நம்மவர் நடமாடும் சிராங்கூன் ரோட்டுக்கு அருகேதான். ஃபேரர் பார்க்கில் அன்று இருந்த குதிரைப் பந்தயத் திடலிலிருந்து 1911 மார்ச்சில் பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்டியன்ஸ் பறந்து காட்டினார். அதே திடலில் 1919 டிசம்பர் 4இல், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித் வந்திறங்கினார். திடலோ சிறியது. விமானத்தை விரைவில் நிறுத்துவதற்காக, உடன் வந்த பொறியாளர் ஒருவர் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மேல் சறுக்கிச் சென்று, வால் பக்கத்தில் தம் உடற்பாரத்தை வைத்தார்! அன்று பறத்தற்கு அஞ்சியவனைப் பேதை என்று யார் சொல்வர்? அன்றைக்கும் இன்றைக்கும் இடையே மாறியது வானமன்று. காற்றும் அன்றைய காற்றே. மனிதனுடைய அறிவு மாறிற்று.

அவ்வறிவு எளிதில் வந்ததன்று. 1954 ஜனவரி 10இல், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ‘காமெட்’ ஜெட் விமானம், ரோமாபுரியில் இறங்கி மீண்டும் எழுந்தபின், எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். மூன்று மாதங் கழியுமுன் நேப்பிள்ஸ் அருகே மற்றொரு காமெட்டும் வீழ்ந்தது. விதி என்று விட்டிருந்தால் அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று வீழ்ந்துகொண்டே இருந்திருக்கும். அவர்கள் விட்டாரில்லை. கடலடியிலிருந்து சிதைவுகளைத் திரட்டினர். ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, பறக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். சாளரம் போன்ற திறப்பின் மூலையிலே தோன்றிய வெடிப்பு உடலையே பிளந்தது. பலமுறை வளைத்த கம்பி ஒடிவதுபோல, உலோகமும் களைத்துப் போகிறது என்பது வெளியாயிற்று. அதன்பின் கட்டப்பட்ட விமானங்கள் யாவும் அந்த 35 பேருக்கும் கடன்பட்டவை.

அக்கடன் வீண் போகவில்லை என்பதற்குச் சிங்கப்பூர் வானமே சாட்சி. 2010 நவம்பர் 4இல் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களில் ஒன்று, பாத்தாம் தீவின்மேல் வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. உள்ளே 469 பேர். விமானிகள் பதறவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வானில் சுற்றி, என்ன பழுது, என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சாங்கியிலேயே இறக்கினர். ஒருவருக்கும் காயமில்லை.

இனி, அஞ்சுவோர் பெரிதும் நடுங்குவது விமானம் குலுங்கும்போது. காற்று வெறும் வெளி என்று எண்ணுவதால் வரும் நடுக்கம் இது. காற்றும் ஒரு பொருளே. விரைந்து செல்லும் இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தாங்குகிறது. தோணியை நீர் தாங்குவதுபோல் என்று கொள்ளலாம். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி குலுங்கும்போது, லாரி இரண்டாக உடையும் என்று யாரும் அலறுவதில்லை; மேடுபள்ளம் என்று அறிவோம். வானத்திலும் மேடுபள்ளம் உண்டு. ஆயினும், அங்கே அஞ்சத் தக்கது ஒன்று இருக்கிறது. 2024 மே 21இல் லண்டனிலிருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்.கியூ.321, பர்மாவின்மேல் கடுமையான குலுக்கலில் சிக்கி, 5 நொடிக்குள் ஏறத்தாழ 178 அடி இறங்கிற்று. ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். விமானம் உடையவில்லை, பத்திரமாகப் பாங்காக்கில் இறங்கியது. இருக்கைப்பட்டை அணியாதவர்களே மேற்கூரையில் மோதுண்டனர். ஆக, விமானம் விழுமோ என்று இரவெல்லாம் நடுங்குபவன், பட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அவன் அஞ்ச வேண்டியதை விட்டு அஞ்ச வேண்டாததற்கு அஞ்சுகிறான்.

இவ்வளவும் அறிந்த பின்னும் ஒரு தடை எஞ்சியிருக்கும். ‘முகமறியாத ஒருவனிடம் என் உயிரை ஒப்படைப்பது முறையா?’ உட்லண்ட்ஸுக்கே மீண்டும் வருவோம். கடற்பாலத்தை ஒட்டி ஜொகூர்த் தண்ணீர் பெருங்குழாய்களில் சிங்கப்பூர் போகிறது. அதைக் குடிப்பவர், சுத்திகரித்தவர் முகத்தை அறிவாரா? பஸ்ஸின் பிரேக்கைச் சோதித்தவர் யாரென்று அதில் ஏறுபவர் கேட்டாரா? ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிக்கொள்பவர் அம்மருந்தைக் காய்ச்சியவரைக் கண்டதுண்டா? நாள்தோறும் நூறு முறை நாம் பிறர் கையில் உயிரை ஒப்படைத்தே வாழ்கிறோம். பிறரும் நம் உழைப்பின்மேல் அவ்வாறே ஒப்படைக்கின்றனர்: விமானச் சக்கரத்தின் டயரிலும் பால்மரத்து ரப்பர் இருக்கிறது, அதன் பாலை அதிகாலையில் எடுத்தவரை விமானி அறியார். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அடிமைத்தனம். சோதனையும், விசாரணையும், பொறுப்பும் உடைய உழைப்பை நம்புவது சமுதாய அறம்.

அறிவு வழி காட்டும். நடந்து பழக்குவது நம் வேலை. விமானத்தைத் தவிர்க்குந்தோறும் மனத்துக்கு உடனே ஆறுதல் கிடைக்கிறது. அது வட்டிக்கு வாங்கிய காசு போன்றது. இன்று கை நிறையும், நாளை கடன் பெருகும். ஆதலால் சிறிது சிறிதாக நெருங்குதல் வேண்டும். முதலில் விமான நிலையத்துக்குச் சென்று, எழுவதையும் இறங்குவதையும் ஒரு பகல் முழுதும் பார்க்கலாம். பின்னர்ப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ ஒரு குறும்பயணம் போகலாம், அதன்பின் சென்னை. குலுக்கம் குறைவாகத் தெரியும் இறக்கையருகு இருக்கையைக் கேட்டு வாங்கலாம். ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் ‘எனக்குப் பயம் உண்டு, அம்மா’ என்று சொல்லிவிடுவதில் இழுக்கில்லை. நெஞ்சு அடிக்கும்போது மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்கினால் உடல் அடங்கும். உடல் அடங்கினால் மனமும் அடங்கும். அச்சம் ஓர் அலை. அது உயர்ந்து, நின்று, தானே இறங்கும். அதை எதிர்த்துக் கூச்சலிட வேண்டுவதில்லை. இறங்கும்வரை இருந்தால் போதும். மிகவும் கடுமையானால் மருத்துவரையும் உளநூல் வல்லாரையும் நாடுவதே தக்கது.

சுற்றத்தார்க்கும் ஒரு சொல். அஞ்சுபவனைக் கேலி செய்யாதீர். அஞ்சாமல் பறப்பவன் செய்வது பயணம். அஞ்சிக்கொண்டே, தாயைக் காண வேண்டுமென்று படியேறுபவன் செய்வதே வீரம்.

அன்பர்களே! அச்சம் தோட்டத்து ஜாகாவைப் போல வாயிலில் நின்று எச்சரிக்கட்டும். அதற்குக் கூலி உண்டு, மதிப்பும் உண்டு. ஆனால் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று பெயர் கூப்பிடும் கங்காணியாக அதை ஆக்கிவிடாதீர். கடல் கடந்தால் கேடு என்ற பழங்கட்டை உதறிவிட்டு, கரை தெரியாத கப்பலில் ஏறிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்களுக்கு இல்லாத கணக்கும் அறிவும் நம் கையில் இருக்கின்றன. ஊரிலே ஒரு தாய் காத்திருக்கிறாள் என்றால், பட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவதே செயற்பாலது.