திருத்துழாய் பறிக்கும் கை

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலை, 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரசிம்மனாக இருந்தும், அரங்கநாதனாகக் கிடந்தும், உலகளந்தானாக நடந்தும் சேவை சாதிக்கும் எம்பெருமானுக்கு என்றும் உகந்தது திருத்துழாய்.

நம் இல்லங்களில் துளசியைக் கறிவேப்பிலைபோல் தாளிப்பதில்லை. தளிகையின்மேல் ஓர் இலை சேர்த்துப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுகிறோம். இருமலுக்கு அதன் சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறோம். தாய்லாந்து மக்களோ அதே துளசியை இறைச்சியுடன் வதக்கி உண்கின்றனர். அங்ஙனமாயின் அதன் புனிதம் எங்கே உள்ளது?

மணமும் மருந்தும் இலையின் குணங்கள். அவை எங்கும் மாறா. புனிதமோ பறிப்பவனின் அடக்கத்தால் விளைவது. துவாதசியன்றும் அஸ்தமனத்திற்குப் பின்னும் துளசி பறிக்கலாகாது என்று பெரியோர் விதித்தனர். பகவத் கைங்கர்யமே ஆயினும் ஓர் உயிரிடம் எப்போதும் கை நீட்டலாகாது என்பதே இதன் உட்பொருள். முதல்நாள் பறித்து வைத்த இலை, வாடினும் அர்ச்சனைக்கு ஆகும். இருமும் குழந்தைக்கும் ஆகும். ஆதலின் இவ்விதியால் எவர்க்கும் இழப்பில்லை.

உத்ஸவத்திற்கு எழுந்தருளும் அன்பர்கள், பிரசாதமாகப் பெறும் துளசியைக் காலடியில் சிந்தாது உட்கொள்வார்களாக. ஒரு செடியிடம் பழகிய அடக்கம் நாளடைவில் மனிதரிடத்தும் பழகும்.