செய்தது யார்?

மதுரையில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். போன செமஸ்டரில் வினைக் கோட்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், என் பாஸ்வேர்டைப் போட்டு என் ரூம்மேட் ஒரு மெயில் அனுப்பினா, அந்த வினை யாரைச் சேரும்?" வகுப்பு சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது.

விடுதியில் ஒருத்தியின் பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும். தேர்வுக் கட்டணம் கட்ட, அசைன்மென்ட் ஏற்ற, ரிசல்ட் பார்க்க என்று காரணங்கள் உண்டு. பெரும்பாலும் பெயரும் 123-உம்தான், சொல்லாவிட்டாலும் ஊகித்துவிடலாம்.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ள எனக்கு மனமில்லை. பழைய நண்பர் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்தால் விரும்பி ஏற்கச் சொல்லும் 'பழைமை' அதிகாரம் குறளில் இருக்கிறதே! ஆனால் அங்கே உரிமை எடுத்துக்கொள்கிறவர் தாமாகவே வருகிறார். செய்தது அவர் என்று தெரிவதால்தான் பொறுக்கவும் மகிழவும் இடமுண்டு. என் பாஸ்வேர்டோடு நுழையும் தோழி நானாக நுழைகிறாள். வினை, நினைத்துச் செய்தவளைத்தான் சேரும்; பழியோ பெயருக்குரியவளைச் சேரும். இரவல் கொடுத்த கணத்தில் செய்தவளும் பழி சுமப்பவளும் பிரிந்துவிடுகிறார்கள்.

பாஸ்வேர்டின் கதையே இப்படித்தான் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்தபோது கணினி அறிஞர் கோர்பாட்டோவின் குழுவினர் பாஸ்வேர்டு வைத்ததே அவரவர் கோப்பும் நேரமும் அவரவருடையதாக இருக்கத்தான். ஆனால் 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் எல்லாருடைய பாஸ்வேர்டுகளையும் அச்சிட்டு எடுத்து, பிறர் கணக்கில் கூடுதல் நேரம் வேலை செய்தார்.

என்னை வருத்துவது வேறொன்று. "என்மேல நம்பிக்கை இருந்தா பாஸ்வேர்டைக் கொடு" என்று ஒரு மாணவியின் காதலன் கேட்கிறான், அவளும் கொடுக்கிறாள். ஒழுங்காக அமைத்த கணினிகூட நம் பாஸ்வேர்டை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. திருப்பிப் பிரிக்க முடியாத ஹாஷ் ஒன்றை மட்டும் வைத்து, நாம் தட்டுவதையும் அதேபோல ஹாஷாக்கி அதோடு ஒப்பிட்டு உள்ளே விடுகிறது. நம் ரகசியத்தைக் கையில் வைத்திராமலே நம்மை ஏற்கிறது. மனிதனால் முடியாதா? அவன் கேட்பது நம்பிக்கையை அல்ல, வேவு பார்க்கும் வசதியை. அவனுடைய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியவன் அவன். அதற்கு என் மாணவி தன் பெயரை ஈடு வைக்க வேண்டியதில்லை.