எதிர்வரிசையில் இருந்தவர்

1962 மே மாதம் தில்லி மாநிலங்களவையில் சி. என். அண்ணாதுரை தம் கன்னிப்பேச்சை நிகழ்த்தினார். திராவிட நாடு பிரிய வேண்டும் என்பது அதன் சாரம். பாகிஸ்தான் பிரிந்தபோது வீடு வாசலை விட்டு வந்தவர்கள் லட்சக்கணக்கில் குடியேறிய நகரம் அது. அங்கே நின்று, நாட்டை இன்னொரு முறை பிரியுங்கள் என்று ஒருவர் கேட்டார். குறுக்கீடுகள் எழுந்தன. ஆனாலும் பேசி முடித்தார்; உறுப்பினராகவும் நீடித்தார்.

அதே நகரின் ரிதாலாவில், 2020 ஜனவரி 27 அன்று தேர்தல் பிரசாரக் கூட்டம். மத்திய இணையமைச்சர் அனுராக் தாக்கூர் துரோகிகளைப் பற்றிய முழக்கத்தின் முதல் பாதியை எடுத்துக்கொடுக்க, சுட்டுத் தள்ளச் சொல்லும் மறுபாதியைக் கூட்டம் முழங்கியது. தேர்தல் ஆணையம் அவர் பிரசாரம் செய்ய 72 மணி நேரம் தடை விதித்தது. அப்போது குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து ஷாகின்பாகில் உட்கார்ந்திருந்தவர்கள் தனி நாடு எதுவும் கேட்கவில்லை.

மாற்றுக் கருத்துடையவரைப் பகைவராக்கும் இந்த வியாதி மறுபக்கத்திலும் உண்டு. ஆளுங்கட்சிக்கு வாக்களித்த பக்கத்து வீட்டுக்காரரை 'சங்கி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவர்கள் எத்தனை பேர்! அமைச்சரின் மேடைக்கும் சாமானியரின் வசைக்கும் ஒரே எடை இல்லைதான். ஆனால் மேடையில் விழுந்த விதை முளைக்க மண் வேண்டுமே.

நாட்டையே உடைக்க நினைப்பவரைப் பகைவர் என்னாமல் வேறென்ன சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்தை மீறினால் அவர் குற்றவாளி. குற்றவாளிக்கு வழக்கறிஞர் உண்டு, சாட்சி விசாரணை உண்டு, தண்டனைக்கு ஓர் அளவு உண்டு. பகைவருக்கு இதெல்லாம் கிடையாது. அந்தச் சொல்லின் வசதியே அதுதான். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 42ஆம் திருத்தம் 'தேச விரோதச் செயல்கள்' என்பதை 31டி பிரிவாக அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. ஜனதா ஆட்சி 43ஆம் திருத்தத்தின் மூலம் அதை அகற்றியது. 'தேச விரோதி' என்ற சொல்லுக்கு எந்தச் சட்டத்திலும் வரையறை இல்லை என்று 2021 டிசம்பரில் அரசே மக்களவையில் ஒப்புக்கொண்டது. வரையறை இல்லாத சொல் யார் தலையிலும் பொருந்தும்.

அண்ணாவின் கதையை வெறும் பெருந்தன்மைக் கதையாக்குவதும் சரியல்ல. 1963இல் 16ஆம் திருத்தம் பிரிவினைக் கோரிக்கைக்குக் கதவடைத்தது. கருத்தைச் சட்டத்தால் நெரித்தார்கள் என்ற குறை அன்றே எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சட்டம் கோரிக்கையைத் தடுத்தது, கேட்டவரை விரட்டவில்லை. அதற்குள் சீனப் போர் வந்திருந்தது. தி.மு.க. போர் முயற்சிக்குத் துணை நின்றது, பிறகு கோரிக்கையைக் கைவிட்டது. மனம் மாற அவர்களுக்கு இடமும் அவகாசமும் இருந்தன.

1967 மார்ச் 6 அன்று அண்ணா சென்னை மாநில முதல்வராகப் பதவியேற்றார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி கூறினார். அந்தச் சொற்கள் உறுதிமொழியில் முன்பு இல்லை. அவருடைய கட்சியை மனத்தில் வைத்து 1963இல் சேர்க்கப்பட்டவை.