பத்தியம் தவறினால் குற்றம் யாருடையது?

நீரிழிவுக்காரர் ஒருவர் பத்தியம் தவறினால், நாக்கை அடக்கத் தெரியாதவர் என்று சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு நியாயமா? கற்பிக்காத பாடத்தில் பரீட்சை வைத்து, தவறினான் என்று மாணவனைத் தண்டிப்பது நீதியாகுமா? சற்றே யோசிப்போம்.

1921-ல் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை இந்த வியாதிக்குப் பத்தியமே பெரிய மருந்து. பின்னர் மாத்திரைகளும் வந்தன. நம் மாகாணத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆயினும், உணவு முறையைப் போதிக்கும் உணவியல் நிபுணரிடம் நோயாளி போய்ச் சேருவது அரிதாகவே இருக்கிறது. காரணம் என்ன?

முதலாவது, நேரமின்மை. வாசலில் கூட்டம் காத்திருக்க, வைத்தியர், “சர்க்கரையை விடுங்கள், சோற்றைக் குறையுங்கள்” என்று சொல்லி முடிக்கிறார். அதுவே போதுமென்று எண்ணி, நிபுணருக்குச் சீட்டு எழுதுவதில்லை. இரண்டாவது, செலவு. லால்குடியிலிருந்தோ முசிறியிலிருந்தோ திருச்சிக்கு இன்னொரு முறை வர வேண்டுமானால், பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் நஷ்டம். மூன்றாவது, நம் மனப்பான்மை. “சாப்பிடுவதற்கும் ஒரு படிப்பா?” என்று சிரிக்கிறோம்.

படிப்பு வேண்டியதுதான். மணச்சநல்லூர் பொன்னியை விட்டுக் கோதுமைக்கு மாறியவர், அதிலும் மாவுச்சத்து உண்டென்று அறியாமல் ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறார். கேழ்வரகுக் கஞ்சியை எவ்வளவும் குடிக்கலாம் என்று எண்ணுகிறார் மற்றொருவர். ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்றும், நம்மிடையே தபசுகாலத்திலும், வழக்கமான இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்போர் உண்டு. இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. நோயாளிகளை ஒருசந்திக் கடமை கட்டுப்படுத்தாது என்பதை மறக்கலாகாது.

ஆகையால் முழுப் பொறுப்பையும் நோயாளியின் தலைமேல் சுமத்துவது அநீதி. வழிகாட்டும் கடமை வைத்தியருக்கு உண்டு. நிபுணரை எட்டும் தூரத்தில் வைக்கும் கடமை ஆஸ்பத்திரியை நடத்துவோருக்கு உண்டு. நோயாளிக்குக் கடமையே இல்லையா? உண்டு. அறியாமல் தவறுவது வேறு. அறிந்துகொள்ள மறுப்பது வேறு. பின்னதற்கு அவரே உத்தரவாதி.

எனவே அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது, “உணவியல் நிபுணரைப் பார்க்கச் சீட்டுத் தருவீர்களா?” என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் சமைக்கிறவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பத்தியம் காக்கப்படுவது சமையலறையில் அல்லவா? நோயாளிக்குத் தனி அடுப்பு மூட்டாமல், கீரையும் பயறும் காய்கறியும் எல்லாருக்கும் பொதுவாகட்டும்.

நோயாளியைக் கடிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். அவரோடு நிபுணரிடம் போய்வர அரை நாள் வேண்டும். பிறர்சிநேகம் எதுவென்று சொல்லவும் வேண்டுமோ?