நல்லபடியா நடக்கோணும்

மார்கழிப் பனி தை பாதிவரை எங்கள் பக்கத்தை விடாது. கொல்லிமலை காலை எட்டு மணிக்குமேல்தான் முழுசாகத் தெரியும். சேலம்–நாமக்கல் சாலையில் போகிற லாரிகள் விடிந்தபின்னும் விளக்கைப் போட்டுக்கொண்டே புதுச்சத்திரத்தைக் கடக்கும். எங்களுக்குக் குளிர்கால விளையாட்டு என்றால் இந்தப் பனியில் ராத்திரி நடக்கிற கபடிதான். பொங்கல் முடிந்ததும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் ஃபோகஸ் லைட் எரியும். அறுவடை முடிந்த காட்டை உழுது, பரம்படித்து, தண்ணீர் தெளித்து இறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டால் 13 மீட்டருக்கு 10 மீட்டர் ஆடுகளம் தயார். கரூர், ஈரோடு, திருச்சி என்று எங்கிருந்தோ வேன்களில் அணிகள் வந்து இறங்கும். விடிய விடிய ஆட்டம்.

ஆட வருகிறவர்கள் ஏன் வருகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. பரிசுத் தொகை இருக்கிறது, கேடயம் இருக்கிறது, 2014-இல் புரோ கபடி தொடங்கியதிலிருந்து டிவி வரைக்கும் போகலாம் என்கிற ஆசையும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்களையும் புரிந்துகொள்ளலாம். என்னை வருஷக்கணக்காக யோசிக்க வைப்பவர்கள் வேறு ஆட்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை உள்ளே விடாமல் நிற்கிறவன். எடை மெஷின் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறவர். டீசல் தீர்வதற்குள் ஜெனரேட்டரைப் போய்ப் பார்க்கிறவன். நள்ளிரவில் வந்து சேர்ந்த வெளியூர் அணிக்கு உப்புமா எடுத்துக்கொண்டு ஓடுகிறவன். இவர்கள் யாருக்கும் காசில்லை. நல்ல ஆட்டத்தைப் பார்க்கும் கொடுப்பினையும் பாதி நேரம் இல்லை. கயிறு பிடிக்கிறவன் கூட்டத்தைப் பார்த்துத்தானே நிற்க வேண்டும்? ஆட்டம் அவன் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. கூட்டத்தின் முகங்களை வைத்து ரைடர் தப்பித்தானா மாட்டினானா என்று அவன் தெரிந்துகொள்கிறான்.

உண்மையான பனி பெய்கிற நாடுகளிலும் இதே ஆட்கள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். 1980-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. மூவாயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர் அது. சுமார் 6,700 தன்னார்வலர்கள் அந்தப் போட்டியைத் தாங்கினார்கள். முதல் நாட்களில் பஸ் ஏற்பாடு குலைந்துபோய்ப் பார்வையாளர்கள் உறைபனியில் மணிக்கணக்கில் நிற்க நேர்ந்தது. அவர்கள் கோபத்துக்கு முன்னால் போய் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தவர்களில் இந்தத் தன்னார்வலர்களும் உண்டு. 2014-இல் ரஷ்யாவின் சோச்சியில் 25,000 பேர். 2026 மிலானோ–கோர்தினாவுக்குத் திட்டமிட்ட எண்ணிக்கை 18,000. ஒலிம்பிக் தன்னார்வலருக்குச் சீருடை, வேலை நேரத்தில் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் கிடைக்கும். விமான டிக்கெட்டும் தங்குமிடமும் பெரும்பாலும் அவரவர் பாடு. விடுப்பு எடுத்து, கைக்காசு செலவழித்து, மைனஸ் குளிரில் ஒரு வாகன நிறுத்தத்தில் நின்று கைகாட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் அதில் ஏராளம். பந்தயத்தின் கடைசிக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்காதவர்கள் அவர்கள்.

ஏன் வருகிறார்கள் என்று முறையாகவே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1996-இல் கனடாவின் தண்டர் பே நகரில் பெண்களுக்கான தேசிய கர்லிங் போட்டி நடந்தது. பனித்தளத்தில் கனத்த கல்லை வழுக்கவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போகிற ஆட்டம் கர்லிங். அங்கே வேலை செய்த தன்னார்வலர்களிடம் மூன்று ஆய்வாளர்கள் 28 காரணங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார்கள். ஆய்வு 1998-இல் வெளியானது. புது ஆட்களோடு பழகலாம், அனுபவம் கிடைக்கும், வீட்டில் எல்லோரும் செய்வதுதான், விளையாட்டின்மேல் ஆசை என்று அதில் எல்லாம் இருந்தன. பட்டியலின் உச்சிப் பக்கம் நின்றது மிகச் சாதாரணமான ஒன்று: இந்தப் போட்டி வெற்றிகரமாக நடக்க நான் உதவ விரும்பினேன். வேறு வேலை எதுவும் இல்லை என்பதால் வந்தேன் என்பது அடியில் கிடந்தது.

அதைப் படித்தபோது எனக்குத் தெரிந்த குரல் ஒன்று காதில் விழுந்தது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிற பையன் ஒருவன் எங்கள் போட்டிக்கு வருஷா வருஷம் கயிறு பிடிக்க வருவான். ராத்திரி முழுக்க நின்றால் மறுநாள் பட்டறைக்குப் போக முடியாது, ஒரு நாள் கூலி போகும். "எதுக்குக் கண்ணு இப்படி?" என்று கேட்டேன். "நம்மூருல நடக்குதுங்க சார். நல்லபடியா நடக்கோணுமில்லீங்க?" என்றான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு எதுவும் இல்லை. நான் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நிற்பதைப் பார்த்து அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

கூலி இல்லாமல் உழைக்கிறவனைப் பார்த்தால் நமக்கு இரண்டே எண்ணங்கள் வருகின்றன. ஒன்று, அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ ஆதாயம் இருக்கிறது, எலெக்‌ஷனுக்கு அடி போடுகிறான், பேருக்கு ஆசைப்படுகிறான். இல்லையென்றால் அவன் தன்னலமே இல்லாத மகான். இந்தப் பையன் இரண்டும் இல்லை. பேருக்கு அலைகிறவன் மைக் பக்கத்தில் நிற்பான், கயிற்றுப் பக்கம் வரமாட்டான். இவன் மகானும் இல்லை, பட்டறையில் ஓவர்டைம் பாக்கி வைத்தால் கறாராகக் கேட்டு வாங்குகிறவன். கல்யாண வீட்டில் பந்தி பார்க்கிற பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி இலைக்குப் பாயசம் வரவில்லையே என்று அவர் தவிக்கிற தவிப்பில் அந்த இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதே இல்லை. தனக்கு என்ன கிடைக்கும் என்பதும் இல்லை. காரியம் குறையில்லாமல் முடிய வேண்டும், அவ்வளவுதான். மனிதனுக்குத் தன்மேல் ஆசை உண்டு, பிறர்மேல் அன்பும் உண்டு. இவை தவிர, தனக்குச் சொந்தமில்லாத ஒரு காரியம் நன்றாக முடிய வேண்டும் என்கிற தவிப்பும் உண்டு. அதை நாம் போதுமான அளவு மதிப்பதில்லை என்று நான் நம்புகிறேன். அந்தத் தவிப்பு ஒன்றுகூட இல்லாத வாழ்க்கையில் சம்பளமும் சொத்தும் சேர்ந்தாலும் ஆள் வாடிப்போவதை இந்த வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். பணி ஓய்வு பெற்ற என் நண்பர்கள் சிலருக்கு நேர்ந்தது அதுதான். பென்ஷன் வந்தது. ஆனால் எந்தக் காரியமும் அவர்களைக் கேட்டு வரவில்லை.

கனடாவின் விஸ்லர் மலையில் 'வீசல் வொர்க்கர்ஸ்' என்று ஓர் உள்ளூர்த் தொண்டர் குழு இருக்கிறது. 1970-களிலிருந்து பனிச்சறுக்குப் பந்தயப் பாதைகளைத் தயார் செய்கிறவர்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கின்போது வானிலை ரொம்பவே சோதித்தது. சைப்ரஸ் மலையில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். விஸ்லரில் மழையும் ஈரப்பனியும் மாறி மாறி வந்தன. பிப்ரவரி 13-இல் நடக்க வேண்டிய ஆண்கள் டவுன்ஹில் பந்தயம் 15-க்குத் தள்ளிப்போனது. அந்த நாட்களில் செங்குத்துச் சரிவில் நின்று, புதுப்பனியை வழித்துத் தள்ளி, பாதுகாப்பு வலைகளைக் கட்டி, பாதையை இறுக்கிக் கொடுத்தது இப்படிப்பட்ட கைகள்தான். அந்த இடத்தைப் பந்தய வீரர் கடப்பது ஒரு நொடியில்.

எங்கள் பக்கமும் ஒரு தையில் எதிர்பாராமல் தூறல் விழுந்தது. களம் சேறாகிவிட்டது. போட்டியைத் தள்ளிவைக்கலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பையன்கள் டிவிஎஸ் ஃபிஃப்டியில் ராசிபுரம் பக்கம் போய் மரத்தூள் மூட்டைகளோடு திரும்பினார்கள். தூளைத் தூவி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி தூவி, நாலைந்து பேர் கைகோத்து மிதித்து, ராத்திரி பதினொன்றரைக்கு முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தோம். அந்தப் பையன்கள் அன்று சிரித்த சிரிப்பைக் கோப்பை வாங்கிய அணியிடம்கூட நான் பார்க்கவில்லை.

இந்தத் தவிப்பை ஏய்ப்பது சுலபம். அதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் எழுதியதில் நேர்மை இருக்காது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு 2021–24 நான்காண்டுகளில் வந்த வருமானம் சுமார் 770 கோடி டாலர். அதில் பத்தில் ஒன்பது பங்கு விளையாட்டுக்கே திரும்பிப் போகிறது என்று கமிட்டி சொல்கிறது. அப்படியே இருக்கட்டும். ஆனாலும் ஒளிபரப்பு நிறுவனங்களும் விளம்பரக் கம்பெனிகளும் கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்குகிற அதே மைதானத்தில், வாசலில் நிற்கிற மாணவியை மட்டும் சேவை என்று சொல்லி நிற்கவைப்பது எனக்கு உறுத்துகிறது.

சுவீடனில் வேறு ஒரு வழி இருக்கிறது. வாசலோப்பெத் என்கிற 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டம் 1922-இலிருந்து செலென் பக்கத்திலிருந்து மூரா வரை நடக்கிறது. வழிநெடுக ஊர்க்காரர்கள் சூடான புளூபெரி சூப்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். நம் பக்கம் பழனி பாதயாத்திரைக்காரர்களுக்குச் சாலையோரம் சுக்குக் காப்பி கொடுக்கிறவர்களின் முகம்தான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அந்த ஓட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் பகுதியின் இரண்டு விளையாட்டுக் கழகங்கள். வருமானம் உள்ளூர்க் கழகங்களுக்கே திரும்புகிறது. இன்று சூப் ஊற்றுகிறவருடைய பிள்ளை நாளை பயிற்சிக்குப் போகிற இடம் அந்தப் பணத்தில் நடக்கிறது. கொடுத்த உழைப்பு எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் ஏய்ப்புக்கு அவ்வளவாக இடமில்லை. எங்கள் கபடிக் கணக்கையும் போட்டி முடிந்த வாரத்தில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

அதே வாசலோப்பெத்தில் 1924-லிருந்து 1980 வரை பெண்கள் போட்டியாளர்களாக ஓட அனுமதி இல்லை. 1923-இல் மார்கித் நூர்தீன் என்ற பெண் முழுத் தூரமும் ஓடி முடித்துக் காட்டியிருந்தார். அடுத்த வருஷமே தடை வந்தது. ஜெயித்தவர் கழுத்தில் மாலை போட மட்டும் ஓர் இளம்பெண் கடைசிக் கோட்டில் நிற்பது வழக்கமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு எங்கள் களத்தை நினைத்துப் பார்த்தேன். உப்புமா கிண்டியவர்கள் யார்? கயிற்றுக்கு உள்ளே வந்தவர்கள் யார்? பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றவர்களில் எந்தத் தெருப் பையன்கள் இல்லை? விடிந்ததும் காகிதக் கப்புகளையும் வாழையிலைகளையும் அள்ளுகிற தூய்மைப் பணியாளர் அக்காவை எந்த வருஷமாவது மேடையில் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோமா? காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று தவிக்கிற உரிமையைக்கூட நாம் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. சிலருடைய உழைப்பைத் தொண்டு என்கிறோம், சிலருடையதை வேலை என்கிறோம், சிலருடையதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஊரில் நடக்கிற ஒன்றை 'நம்மூருல நடக்குது' என்று அந்தப் பையனைப்போல எல்லோரும் சொல்ல முடிய வேண்டும். அதற்குக் கயிற்றின் உள்பக்கம் இன்னும் நிறையப் பேருக்கு இடம் விட வேண்டியிருக்கிறது.

வருகிற தைக்கு ஸ்கோர் மேசையில் உட்கார எங்கள் பள்ளியில் கபடி ஆடுகிற இரண்டு பெண்பிள்ளைகளைக் கேட்டிருக்கிறோம். கமிட்டியில் இதற்குச் சம்மதம் வாங்க மூன்று கூட்டம் ஆயிற்று. ஒருத்தி அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். இன்னொருத்தி முடியாது என்றுவிட்டாள். அவளுக்கு ஸ்கோர் எழுதுவதில் விருப்பம் இல்லையாம். நடுவர் தேர்வு எழுதித் தேறிவிட்டு விசிலோடு வருகிறேன், அதுவரைக்கும் மேசையில் வேறு யாரையாவது உட்காரவையுங்கள் சார் என்கிறாள்.