அடுப்பு எரிந்ததா?



எல்லா மக்களும் பங்காளிகளாக இருக்க வேண்டிய பொருள்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னவை மூன்று. தண்ணீரும் மேய்ச்சல் புல்லும் போல நெருப்பும் அவற்றுள் ஒன்று. நம் ஊர்களில் ஒரு வீட்டில் அடுப்பு மூண்டால் பக்கத்து வீட்டுப் பெண் கொட்டாங்கச்சியில் கங்கு வாங்கிப் போவாள். கங்கை எடுக்க உடையவரின் அனுமதி வேண்டும். ஆனால் சுடரில் பற்ற வைத்துக் கொள்வதையும் அதில் குளிர் காய்வதையும் தடுக்கலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் நுட்பமாகப் பிரித்துக் காட்டுகின்றன. அத்தனை சின்ன விஷயத்துக்கும் சட்டம் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இன்று நெருப்பு இரும்பு உருளைக்குள் அடைபட்டுவிட்டது. அதற்கு விலை உண்டு, புத்தகம் உண்டு, வங்கிக் கணக்கும் போன் நம்பரும் உண்டு. இவற்றில் ஒன்று தவறினாலும் அடுப்பு எரியாது. இதை நாம் நன்றாக உணர்ந்தது ஹிஜ்ரி 1441-ஆம் ஆண்டு ரமலானில்தான்.

2020 மார்ச் 25-ல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. அடுத்த நாளே மத்திய அரசு ஓர் உதவியை அறிவித்தது. உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்புப் பெற்றிருந்த 8 கோடி ஏழைக் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்களில் மூன்று சிலிண்டர் இலவசம் என்றார்கள். சிலிண்டரின் விலை அந்தக் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் முன்பணமாக விழும். அவர் பதிவு செய்து, சிலிண்டர் வந்ததும் அந்தப் பணத்தைக் கொடுத்து வாங்கிக் கொள்ள வேண்டும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை.

அந்த ரமலானில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி காய்ச்ச வழியில்லை. அரிசியை வீடுகளுக்கே கொண்டு போய்க் கொடுத்தோம். நம் மஹல்லாவில் ஒரு விதவைத் தாயாரின் வாசலில் பையை வைத்து ஸலாம் சொல்லிவிட்டு, கடமை தீர்ந்த திருப்தியோடு திரும்பினோம். ஸஹர் நேரத்தில் அவர் கொல்லைப்புறத்தில் தென்னை மட்டையை எரித்துப் புகையில் இருமிக்கொண்டே அதைச் சமைத்தார் என்பது பெருநாள் கழிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அவர் பெயரில் இணைப்பு இருந்தது. முன்பணமும் கணக்கில் கிடந்தது. கேஸ் புத்தகத்தில் எழுதியிருந்த நம்பரோ வெளியூரில் வேலை பார்த்த மகனுடையது. பணம் வந்த செய்தி அந்த மகனுடைய போனுக்குப் போயிற்று. ஊரடங்கில் சிக்கியிருந்த அவர் அதைக் கவனிக்கவில்லை. அரிசி கொடுத்த நாம் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

அந்தத் தாயார் ஒருவர் மட்டுமல்லர். பணம் வந்தும் சிலிண்டர் வாங்க இயலாதவர்கள் இருந்தமையால், அரசாங்கமே ஜூலையில் அந்தத் தவணையைச் செப்டம்பர் 30 வரை நீட்டிற்று. கணக்கில் விழுந்ததை அரிசிக்கும் மருந்துக்கும் எடுத்துச் செலவழித்துவிட்டவர்களும் உண்டு. வயிற்றுக்கு இல்லாதவர் செய்ததை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் மனைவியின் கணக்கில் வந்ததைத் தன் கைச்செலவுக்கு எடுத்த கணவரும், தாயின் பெயரில் வந்த சிலிண்டரைத் தேநீர்க் கடைக்குத் தூக்கிக் கொண்டு போன மகனும் அமானத்தில் கை வைத்தவர்களே. இணைப்பு அவள் பெயரில், பணமும் அவளுடையது.

கேட்க வெட்கப்படும் ஏழைகளைப் பற்றித் திருமறை அல்பகரா அத்தியாயத்தில் பேசுகிறது. அவர்களுடைய தன்மானத்தைப் பார்த்து விவரம் அறியாதவர் அவர்களைச் செல்வர் என்றே எண்ணிவிடுவாராம். அப்படியானால் முகம் பார்த்து அறிந்து கொள்ள வேண்டிய பொறுப்பு யாருடையது? அரசாங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குத் தெரியும்.

பின்னாளில் இவ்வுதவி வேறு வடிவம் எடுத்தது. 2022 மே மாதம் உஜ்வலா குடும்பங்களுக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். 2023 அக்டோபரில் அது 300 ஆயிற்று. ஆனால் முழு விலையையும் முதலில் கொடுத்து வாங்கினால்தான் மானியம் பிறகு கணக்கில் வந்து சேரும். முழு விலைக்கு வழியில்லாதவருக்கு அந்த 300 ரூபாய் எட்டாக் கனிதான். மஹல்லா பைத்துல்மால் நுழைய வேண்டிய இடம் இதுவே என்பது நம் கருத்து. திரும்பி வரும் மானியத் தொகையை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுக்கலாம். மீதி விலையை, ஜகாத் பெறத் தகுதியுள்ளவர் என்றால், ஜகாத்திலிருந்து அவர் கையிலேயே உரிமையாக்கி விடலாம். அரசாங்கம்தான் கொடுக்கிறதே என்று சொல்லி நம் ஜகாத்தில் ஒரு காசு குறைக்க இடமில்லை. அது நம் பொருளின் மீதுள்ள கடமை.

உதவியை அனுப்பி வைப்பதோடு ஆட்சியாளரின் வேலை கூட முடிவதில்லை என்பதற்கு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. நேயர்கள் பலமுறை கேட்டதுதான். ஆனாலும் அடுப்பை நினைத்துக் கொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

கலீபா அவர்கள் ஓர் இரவு ஊழியர் அஸ்லமுடன் மதீனாவுக்கு வெளியே போகையில் தொலைவில் நெருப்பு தெரிந்தது. அங்கே ஒரு பெண். சுற்றிலும் பிள்ளைகளின் அழுகை. அடுப்பில் இருந்ததோ வெறும் தண்ணீர். அழுது களைத்து உறங்கட்டும் என்றுதான் பானையை ஏற்றியிருந்தார். எங்களைப் பொறுப்பேற்ற உமர் எங்களை மறந்துவிட்டார் என்று, எதிரே நிற்பவர் யாரென்று அறியாமலே முறையிட்டார். கலீபா அவர்கள் ஓடினார்கள். களஞ்சியத்திலிருந்து மாவு மூட்டையும் கொழுப்பும் எடுத்தார்கள். நான் சுமக்கிறேன் என்ற அஸ்லமிடம், கியாமத்து நாளில் என் சுமையையும் நீர் சுமப்பீரோ என்று கேட்டு மூட்டையைத் தம் முதுகிலேயே ஏற்றிக் கொண்டார்கள்.

மூட்டையை இறக்கியதும் திரும்பவில்லை. குனிந்து அடுப்பை ஊதினார்கள். அவர்களுடைய அடர்ந்த தாடியினூடே புகை வெளிவந்ததைக் கண்டதாக அஸ்லம் சொல்கிறார். சமைத்து, ஆற்றி, பிள்ளைகள் வயிறார உண்ட பிறகும் சற்றுத் தள்ளிப் போய் அமர்ந்து கொண்டார்கள். அஸ்லம் அழைத்தும் எழவில்லை. அழுத பிள்ளைகள் சிரித்து விளையாடி உறங்கும் வரை அங்கேயே இருந்தார்கள்.